கிரீன் கார்டு மெடிக்கல்: இன்டர்வியூ வரைக்கும் தள்ளிப் போடாதீங்க

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயசு, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், இப்ப நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன். எஃப்-1 ஸ்டூடன்ட் விசால வந்து படிச்சு முடிச்சிட்டு, படிப்புக்கப்புறம் கொஞ்ச காலம் வேலை பாக்க விடுற ஸ்டெம் ஓபிடியில வேலை பாக்குறேன், அது செப்டம்பர் கடைசியில முடியுது. பிப்ரவரியில எங்களுக்கு ரெஜிஸ்டர் கல்யாணம் ஆச்சு, அவர் இங்கயே பொறந்து வளர்ந்த தமிழர், அமெரிக்க சிட்டிசன். கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணப் போறோம். மெடிக்கல் விஷயத்துல மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. 2021ல அப்ளை பண்ண ஃபிரண்டு "இப்பவே எடுத்தா எக்ஸ்பயர் ஆயிடும், இன்டர்வியூவுக்குக் கையில கொண்டு போ"ன்னு சொல்றா. வீட்டுக்காரரோட அண்ணி "இப்ப எக்ஸ்பயரே கிடையாது, முதல்லயே எடுத்து வெச்சிடு"ன்னு சொல்றாங்க. என்கிட்ட தடுப்பூசி பேப்பர் எதுவும் இல்ல. கையில டிபி ஊசி தழும்பு இருக்கு, அதனால டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்துடுமோன்னு பயமா இருக்கு. குழந்தைக்கும் பிளான் பண்றோம். ஆவணியில ஊர்ல கோயில் கல்யாணம் வேற வெச்சிருக்காங்க. எப்பதான் எடுக்கறது?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க ஃபிரண்டு சொன்னதும் பொய் இல்ல, அண்ணி சொன்னதும் பொய் இல்ல, ரெண்டு பேரும் அவங்கவங்க அப்ளை பண்ண காலத்து ரூலைச் சொல்றாங்க. கொஞ்ச வருஷத்துக்குள்ள இந்த ரூல் அத்தனை தடவை மாறிடுச்சு. நான் இதே நியூ ஜெர்சியில ஃபேமிலி டாக்டர், அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் அங்கீகாரம் குடுத்த சிவில் சர்ஜனும்கூட, அதாவது அமெரிக்காவுக்குள்ள இருந்து கிரீன் கார்டு அப்ளை பண்றவங்களுக்கு இந்த ஐ-693 மெடிக்கல் ஃபாரத்துல கையெழுத்துப் போடுற டாக்டர். வாரத்துக்கு நாலஞ்சு பேராச்சும் உங்க மாதிரியே குழம்பிப் போய் வந்து உக்கார்றாங்க.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கிரீன் கார்டு அப்ளிகேஷனான ஐ-485 பேக்கெட் போகும்போதே அதுக்குள்ள மெடிக்கல் கவரும் போகணும். வக்கீலோட உக்காந்து ஃபைல் பண்ற தேதியை முடிவு பண்ணுங்க, அதுக்கு ஆறு வாரம் முன்னாடி சிவில் சர்ஜன்கிட்ட முதல் அப்பாயின்ட்மென்ட் போடுங்க. ஆறு மாசம் முன்னாடி ஓட வேண்டாம், அதே நேரம் கடைசி வாரத்துல வந்து கதவைத் தட்டவும் வேண்டாம்.

ஏன் அப்படின்னு சொல்றேன். முன்னாடி டாக்டர் கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள்ள ஐ-485 போய்ச் சேரணும்னு ஒரு ரூல் இருந்துச்சு, போட்ட கையெழுத்துக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு, கேஸோ இழுத்துக்கிட்டே போகும். அதனால "பேக்கெட்டை மட்டும் அனுப்புங்க, மெடிக்கலை இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அவங்க கேட்டு லெட்டர் போட்டா அப்ப அனுப்பிக்கலாம்"னு நிறைய வக்கீலே சொன்னாங்க, அந்தக் காலத்துக்கு அது நல்ல யோசனைதான். உங்க ஃபிரண்டு சொல்றது இது. அப்புறம் 2023 மார்ச் 31ல அந்த 60 நாள் ரூலை எடுத்துட்டாங்க. 2024 ஏப்ரல்ல, 2023 நவம்பர் 1க்கு அப்புறம் கையெழுத்தான ஃபாரம் எக்ஸ்பயரே ஆகாதுன்னு அறிவிச்சாங்க. உங்க அண்ணி சொல்றது இது.

ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாற்றம் வந்துடுச்சு, உங்களுக்கு முக்கியம் இந்த ரெண்டும்தான். 2024 டிசம்பர் 2லேர்ந்து ஐ-485 போடுறவங்க மெடிக்கலை அதோடயே சேத்து அனுப்பணும், இல்லன்னா அப்ளிகேஷனையே வாங்காம திருப்பி அனுப்பலாம். லெட்டர் போட்டுக் கேக்கறது வேற, திருப்பி அனுப்பறது வேற, இதைக் கவனமா புரிஞ்சுக்கோங்க. திருப்பி வந்துச்சுன்னா நீங்க அப்ளை பண்ணதாவே கணக்கு இல்ல, ரிசீட் நம்பர் கிடையாது, வேலை பாக்குற பெர்மிட்டுக்குக் கூடவே போட்டிருந்தா அதுவும் ஆரம்பிச்சிருக்காது. ஓபிடி செப்டம்பர்ல முடியற உங்களுக்கு அஞ்சு வாரம் ஆறு வாரம் வீணாப் போறது சின்ன விஷயமா? ரெண்டாவது மாற்றம் 2025 ஜூன் 11ல வந்துச்சு. மெடிக்கல் எந்த அப்ளிகேஷனோட போச்சோ அந்த அப்ளிகேஷன் நடந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் அது செல்லும். அதை நீங்க வாபஸ் வாங்கினாலோ அவங்க நிராகரிச்சாலோ அந்த மெடிக்கலும் அதோட முடிஞ்சுது, அடுத்து அப்ளை பண்ணும்போது புதுசா எடுக்கணும். ஆக "எக்ஸ்பயரே கிடையாது"ங்கிறது இப்ப பாதி உண்மை. கேஸ் ரெண்டு வருஷம் இழுத்தாலும் கவலை இல்ல, ஆனா கேஸ் போச்சுன்னா மெடிக்கலும் போச்சு.

ஆவணி கல்யாணத்தைப் பத்தி நீங்க ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க, படிச்சதும் எனக்குப் பக்குன்னு ஆச்சு. ஐ-485 போட்டுட்டு, வெளிய போயிட்டுத் திரும்பி வர்றதுக்கான அனுமதியான அட்வான்ஸ் பரோல் கைக்கு வராம நாட்டை விட்டு வெளிய போனா, எஃப்-1ல இருக்கிறவங்க அப்ளிகேஷனைக் கைவிட்டதா எடுத்துக்குவாங்க. அப்ளிகேஷன் போச்சுன்னா மேல சொன்ன ரூல்படி மெடிக்கலும் போயிடும், போட்ட ஊசி உடம்புல இருக்கும், ஃபாரம் மட்டும் செல்லாது. அந்த பரோல் பேப்பர் எப்ப வரும்னு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாது. சரி, போயிட்டு வந்து ஃபைல் பண்ணலாமான்னா, சிட்டிசனைக் கட்டினவங்க எஃப்-1லயே திரும்பி உள்ள வர்றதுல வேற சிக்கல் இருக்கு, அது என் துறை இல்ல, வக்கீல்கிட்டதான் கேக்கணும். மண்டபம் புக் பண்ணியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அவங்க ஆசையும் நியாயம்தான். ஆனா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட அரை மணி நேரம் பேசிடுங்க, மெடிக்கல் அப்பாயின்ட்மென்டே அதுக்கப்புறம்தான்.

இப்ப அந்த ஆறு வாரக் கணக்குக்கு வரேன். எல்லாம் நல்லபடியா போனா மொத்த வேலையும் ஒரு வாரம் பத்து நாள்தான். முதல் நாள் பாஸ்போர்ட்டைப் பாத்து ஆளைச் சரி பாப்போம், உடம்பைப் பரிசோதிப்போம், பழைய நோய், மனநலம், மருந்து, போதைப் பழக்கம் எல்லாம் கேப்போம், ரத்தம் எடுப்போம். எங்க கிளினிக்ல ரிசல்ட் வர மூணு நாலு நாள் ஆகும். அது வந்தப்புறம் ரெண்டாவது தடவை வந்து மிச்ச ஊசியைப் போட்டுக்கிட்டு சீல் வெச்ச கவரை வாங்கிட்டுப் போயிடலாம். எல்லா ரிசல்ட்டும் வராம டாக்டர் கையெழுத்துப் போடக் கூடாது, அன்னிக்கே கவர் வேணும்னு கேட்டா நாங்க குடுக்க முடியாது. ஆறு வாரம்னு நான் சொல்றது ஏதாவது ஒண்ணு தடங்கல் ஆச்சுன்னா அதுக்குத்தான், நம்ம ஊர்க்காரங்களுக்குப் பெரும்பாலும் தடங்கல் ஆகுறது டிபி டெஸ்ட்ல.

உங்க கைத் தழும்பைப் பத்திப் பயப்படாதீங்க. அந்தக் காலத்துல முன்னங்கையில ஊசி போட்டு தடிப்பை அளந்து பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருந்துச்சு, அதுலதான் பிசிஜி, அதாவது நீங்க சொல்ற அந்த டிபி ஊசி, போட்டவங்களுக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டும். இப்ப இந்த மெடிக்கலுக்கு ரெண்டு வயசுக்கு மேல எல்லாருக்கும் ரத்த டெஸ்ட்தான், ஐஜிஆர்ஏன்னு சொல்லுவோம், பிசிஜி ஊசி அதுல குழப்பம் பண்ணாது. எங்க கிளினிக்ல எடுக்கற குவாண்டிஃபெரான்ல சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதான்னு மூடி போட்ட நாலு சின்ன ட்யூப், ஒவ்வொண்ணுலயும் 1 மில்லி ரத்தம், எடுத்த உடனே நர்ஸ் அதைப் பத்து தடவை குலுக்குவாங்க, பாத்துட்டு ஏதோ கோளாறுன்னு நெனச்சிடாதீங்க, ட்யூபோட உள்சுவர்ல தடவி வெச்சிருக்கிறதோட ரத்தம் கலக்கணும், அதுக்குத்தான்.

இந்த டெஸ்ட்ல நெகட்டிவ் வந்து டிபி அறிகுறியும் இல்லன்னா பொதுவா டிபி விஷயம் அங்கயே முடிஞ்சுது, எக்ஸ்ரேகூட வேண்டாம். பாசிட்டிவ் வந்தா நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும். நம்ம நாட்டுல வளர்ந்தவங்கள்ல நிறைய பேருக்குப் பாசிட்டிவ் வரும், கூட்டமான பஸ்ஸு, ஹாஸ்டல், ஆஸ்பத்திரி வராண்டான்னு எங்கயோ எப்பவோ கிருமி உள்ள போய் உடம்பு அதை அடக்கி வெச்சிருக்கும். எக்ஸ்ரே சுத்தமா இருந்து இருமல், ஜுரம், எடை குறையறதுன்னு எந்த அறிகுறியும் இல்லன்னா அது உறங்குற டிபி, "கிளாஸ் பி"ன்னு எழுதி கையெழுத்துப் போட்டுடுவோம், கிரீன் கார்டுக்கு அது தடையே இல்ல. லோக்கல் ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கு நாங்க தகவல் சொல்லணும், அவங்க கூப்பிட்டா பயந்துடாதீங்க. அதுக்கு மாத்திரை எடுத்துக்கச் சொல்லி நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அது உங்க உடம்புக்காக, ஃபாரத்துக்காக இல்ல. எக்ஸ்ரேல ஏதாவது நிழல் தெரிஞ்சாதான் நேரம் இழுக்கும். ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பி, மூணு சளி சாம்பிள் எடுத்து, கல்ச்சர் வெச்சு, அதாவது கிருமி வளருதான்னு, பாக்கணும், கல்ச்சர் மட்டுமே எட்டு வாரம் வரைக்கும் ஆகலாம், அது வரைக்கும் என் கையில பேனா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அப்படி ஆகுறவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான், ஆனா அந்தக் கொஞ்சம் பேர் ஃபைல் பண்ற தேதிக்கு மூணு நாள் முன்னாடி என்கிட்ட வந்து உக்காந்து அழுததைப் பாத்திருக்கேன்.

மத்த ரத்த டெஸ்ட்டெல்லாம் வேகமா ஓடிடும், 18லேர்ந்து 44 வயசு வரைக்கும் சிபிலிஸ் பாக்கணும், 24 வயசு வரைக்கும்னா கொனோரியாவும் சேரும், உங்களுக்கு அது இல்ல. எச்ஐவி டெஸ்ட்டை 2010லயே எடுத்துட்டாங்க.

தடுப்பூசியிலதான் எல்லாரும் வரிசையை மாத்திடுறாங்க, இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. எம்எம்ஆரும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்த ஊசி) சிக்கன்பாக்ஸ் ஊசியும் உயிரோட இருக்கிற கிருமியை வலுவிழக்க வெச்சுத் தயாரிக்கறது, அதைப் போட்டுக்கிட்ட அடுத்த நாலு வாரத்துக்கு டிபி ரத்த டெஸ்ட் எடுத்தா ரிசல்ட்டை நம்ப முடியாது. அதனால முதல்ல ரத்தம், ஊசி அதே நாள்ல இல்லன்னா அதுக்கப்புறம். போன வருஷம் ஒரு பொண்ணு வந்தாங்க, ரொம்ப முன்ஜாக்கிரதை, இன்ஷூரன்ஸ்ல இலவசமா போடுறாங்கன்னு பார்மசியில வெள்ளிக்கிழமை எம்எம்ஆர் போட்டுக்கிட்டு திங்கக்கிழமை என்கிட்ட மெடிக்கலுக்கு வந்து நிக்கிறாங்க, ஃபைல் பண்ண இன்னும் பத்து நாள்தான். ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்றதைத் தவிர என்னால ஒண்ணும் பண்ண முடியல. இன்ஷூரன்ஸ்ல பார்மசியில போட்டுக்கறது நல்ல யோசனைதான், சிவில் சர்ஜன் ஃபீஸைப் பெரும்பாலான இன்ஷூரன்ஸ் கவர் பண்ணாது, அந்த ஃபீஸை கவர்மென்ட்டும் நிர்ணயிக்கறதில்ல, ஒரே ஊர்ல ஒருத்தர் 200 டாலர் வாங்குவார், இன்னொருத்தர் ஊசியோட சேத்து 500க்கு மேல வாங்குவார், அதனால ஊசியை வெளிய போட்டுக்கிட்டா காசு மிச்சம். ஆனா டிபி ரத்தம் எடுத்த பிறகு போடுங்க, போட்டதுக்குத் தேதியோட பிரின்ட் அவுட் வாங்கிட்டு வாங்க.

பேப்பர் இல்லன்னு கவலைப்படாதீங்க, உங்க வயசுல நம்ம ஊர்க்காரங்க யார்கிட்டயும் பேப்பர் இருக்காது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பேசாம ஊசியைப் போட்டுக்கறது. இன்னொண்ணு, ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கான்னு ரத்தத்துல பாக்கறது, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் இருந்தாதான் எம்எம்ஆர் வேண்டாம், ஒண்ணு குறைஞ்சாலும் போட்டாகணும். சிக்கன்பாக்ஸுக்கு மட்டும் இன்னொரு சலுகை உண்டு, வந்து போனதை டாக்டர் நம்புற மாதிரி சொன்னா அதையே எழுதிக்கலாம். நான் "சிக்கன்பாக்ஸ் வந்திருக்கா"ன்னு கேட்டா முழிப்பாங்க, "அம்மை போட்டிருக்கா"ன்னு கேட்டா உடனே "ஒன்பதாவது அரைப்பரீட்சை எழுதல டாக்டர், வேப்பிலையில படுக்க வெச்சிருந்தாங்க, மூணாவது தண்ணி ஊத்தினப்புறம்தான் ஸ்கூலுக்குப் போனேன்"னு மொத்தமும் வந்துடும். அது எனக்குப் போதும்.

டோஸ் எல்லாம் முடியற வரைக்கும் காத்திருக்கணுமோன்னும் நிறைய பேர் நெனக்கறாங்க, ஹெபடைடிஸ் பி மூணு டோஸ் போட ஆறு மாசம் ஆகுமேன்னு மலைச்சுப் போயிடறாங்க. அப்படி இல்ல. அந்த நாள்ல போடக்கூடிய ஒரு டோஸைப் போட்டா போதும், அடுத்ததுக்கு இன்னும் காலம் ஆகலன்னு ஃபாரத்துல குறிச்சுட்டு கையெழுத்துப் போட்டுடலாம். மிச்ச டோஸை அப்புறமா மறக்காம போட்டுக்கோங்க. ஃப்ளூ ஊசி அக்டோபர் 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும் மெடிக்கல் எடுத்தாதான் வேணும், வெயில் காலத்துல எடுத்தா கேக்க மாட்டாங்க. கோவிட் ஊசியை 2025 ஜனவரி 22லேர்ந்து கேக்கறதில்ல.

குழந்தை பிளான் இருக்குன்னு எழுதினீங்களே, அதை முதல் அப்பாயின்ட்மென்ட்லயே டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, கூச்சப்பட வேண்டாம். எம்எம்ஆரும் சிக்கன்பாக்ஸும் கர்ப்பத்துல போடக் கூடாது, போட்ட பிறகும் ஒரு மாசமாச்சும் தள்ளிப் போடணும். ஒருவேளை அதுக்குள்ள கர்ப்பம் ஆயிட்டா அதுக்காக கிரீன் கார்டு நிக்காது, இந்த ஊசி இப்ப போடக் கூடாதுன்னு காரணத்தை எழுதி ஃபாரத்தை முடிச்சுடலாம். சிக்கல் எக்ஸ்ரேலதான். டிபி ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்து நீங்க அப்ப கர்ப்பமா இருந்தா, வயித்துக்கு ஈயக் கவசம் போட்டு உங்க சம்மதத்தோட எடுக்கலாம், வேண்டாம்னா பிரசவம் முடியற வரைக்கும் ஃபாரம் நின்னுடும், ஃபாரம் நின்னா ஃபைலிங்கும் நிக்கும். அதனால உங்க விஷயத்துல மெடிக்கலை முடிச்சு, ஊசி போட்டு ஒரு மாசம் போனப்புறம் குழந்தைக்கு முயற்சி பண்றதுதான் உடம்புக்கும் நல்லது, கேஸுக்கும் நல்லது.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லாம விட மனசு வரல. நியூ ஜெர்சியில கஞ்சா கடையே வெச்சு விக்கிறாங்க, ஆனா இமிக்ரேஷன் ஓடுறது ஃபெடரல் சட்டத்துல, அதுல அது இன்னும் தப்புதான். மெடிக்கல்ல அந்தக் கேள்வி வரும், பொய் சொல்லவும் கூடாது. அந்தப் பழக்கமோ, குடிச்சுட்டு ஓட்டிப் பிடிபட்ட கேஸோ இருந்தா என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வக்கீலைப் பாத்துட்டு வரணும்.

இன்னும் ஊர்லயே இருந்து அப்ளை பண்றவங்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கு இந்தக் கணக்கு வேற. அங்க சிவில் சர்ஜன் கிடையாது, தூதரகம் அங்கீகரிச்ச பேனல் டாக்டர்கிட்டதான் எடுக்கணும், இன்டர்வியூ தேதி வந்த பிறகு எடுத்தா போதும். அந்த மெடிக்கல் பொதுவா ஆறு மாசம்தான் செல்லும், விசாவோட ஆயுசும் அதை ஒட்டியே இருக்கும், முந்திக்கிட்டு எடுத்தா நஷ்டம். கே-1ல, அதாவது கல்யாணம் நிச்சயம் ஆனவங்களுக்கான விசால, வந்து இங்க கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க, அங்க மெடிக்கல் எடுத்த ஒரு வருஷத்துக்குள்ள ஐ-485 போட்டா முழு மெடிக்கல் திரும்ப வேண்டாம், தடுப்பூசிப் பகுதியை மட்டும் சிவில் சர்ஜன்கிட்ட முடிச்சா போதும்.

கவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், தங்கச்சி. எல்லாம் முடிஞ்சதும் ஃபாரத்தை உறைக்குள்ள போட்டு, ஒட்டின மடிப்பு மேல குறுக்கால கையெழுத்துப் போட்டு, அது மேலயே டேப்பும் ஒட்டிக் குடுப்போம். அதைப் பிரிக்கவே கூடாது. கோயம்புத்தூர் பையன் ஒருத்தர், எல்லா பேப்பரையும் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கற பழக்கம், வீட்டுக்குப் போய் அதையும் ஓரமா கத்தி வெச்சு அழகா பிரிச்சு ஸ்கேன் பண்ணிட்டு திரும்ப ஒட்டியிருக்காரு, வக்கீல் ஆபீஸ்ல பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. அவரோட ஃபாரத்தை முதல்லேர்ந்து எழுதி மறுபடி சீல் வெச்சுக் குடுத்தேன், அதுக்குள்ள ஒரு வாரம் போச்சு. உங்களுக்கு காப்பி வேணும்னா சீல் வைக்கிறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிக்கோங்க, குடுக்கறது எங்க கடமை. அந்த காப்பியில பேர் ஸ்பெல்லிங், பொறந்த தேதி எல்லாம் பாஸ்போர்ட்டோட ஒத்துப் போகுதான்னும், ஏ நம்பர், அதாவது இமிக்ரேஷன்ல குடுக்கற நம்பர், இருந்தா அது சரியா இருக்கான்னும் அங்கயே உக்காந்து பாருங்க. ஃபாரத்தோட கீழ் மூலையில எடிஷன் தேதி இருக்கும், சில கிளினிக்ல பழைய எடிஷனை பிரின்ட் போட்டு அடுக்கி வெச்சிருப்பாங்க, யூஎஸ்சிஐஎஸ் வெப்சைட்ல இருக்கிறது அதுதானான்னு அப்பாயின்ட்மென்ட் அன்னிக்கு காலையில ஒரு தடவை பாத்துட்டு வாங்க. உங்க கையெழுத்து போடுற இடத்துல வீட்லயே போட்டுட்டு வந்துடாதீங்க, டாக்டர் முன்னாடி, அவர் சொல்லும்போதுதான் போடணும்.

இன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட பேசும்போது ரெண்டு விஷயம் கேட்டு வெச்சுக்கோங்க. உங்களுக்கு அம்மை எந்த வயசுல போட்டுச்சு, பழைய தடுப்பூசி அட்டை பீரோல எங்கயாவது ஸ்கூல் சர்டிபிகேட்டோட கிடக்குதா. கிடைச்சா ரெண்டு பக்கமும் தேதி தெளிவா தெரியற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. அட்டை முழுக்க தமிழ்ல மட்டும் இருந்தா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் சேத்துக் கொண்டு வரணும்.